தலைக்கட்டில் இல்லாத வீடு

எங்கள் குப்பத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக் காலையில் என் வண்டியின் டயர்களில் காற்று இருக்காது. காரைக்காலுக்குக் கிழக்கே, கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் மணிவேல். குட்டி யானை என்பார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். ஐஸ் பெட்டி, மீன் கூடை, வலை, சமயத்தில் கல்யாணச் சீர்வரிசை, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். இங்கே சொல்லப்போவது கனகாம்பாள் அத்தையைப் பற்றி. அவளைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை என் தாய்மாமன் பெண்டாட்டி. மாமா கடலிலும் சாகவில்லை, சுனாமியிலும் சாகவில்லை. படகுத்துறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மகள் வினிதாவை அக்கரைப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகள் வீட்டுக்கு வரச்சொல்லி அழைத்தபோது, "மருமவன் கையால கொழம்பு வாங்கித் திங்கிறதுக்கு நான் என்ன வக்கத்தவளா?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துகொண்டாள்.

பிழைப்பு கருவாடு. ஏலத்தில் விலை போகாமல் நிற்கும் நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலை எடுத்துவந்து, கழுவி, உப்பிட்டு, வாசலில் கம்பு நட்டுக் கட்டிய பழைய வலைமேல் காயப்போடுவாள். மணலில் கொட்டிக் காயவைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "திங்கிறவன் பல்லுல மணலு நறநறங்கும், அவன் ஒன்னத்தான் திட்டுவான்" என்பாள். காய்ந்ததைக் கூடையில் கட்டி என் வண்டியில் ஏறி, சுரக்குடி, திருநள்ளாறு பக்கத்து விவசாயக் கிராமங்களுக்குப் போய் விற்பாள். சுரக்குடி வடிவாம்பாள் வீட்டில் அத்தையின் கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காது. பெரிய நிலக்காரக் குடும்பம். அந்த அம்மாள் பேரம் பேசாது, பேசினால் அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று தெரியும்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டித்தந்த குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கக்கூஸ், கக்கூசுக்கு ஒரு தொட்டி. கடலோரத்தில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். அங்கே தொட்டியைப் புதைக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் வரைபடம் போட்டானோ தெரியாது. ஐப்பசி மழை இறங்கினால் தொட்டி நிரம்பி, நாம் கொடுத்ததையெல்லாம் நமக்கே திருப்பிக் கொடுக்கும். கார்த்திகை முடியும்வரை ஆண்கள் கடற்கரைக்கு நடப்பார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். இதை வருஷா வருஷம் அனுபவித்த ஜனங்களிடம் ஆபீசிலிருந்து வந்து, பாதாளச் சாக்கடையும் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீரும் தருகிறோம் என்று சொன்னால் வேண்டாம் என்பார்களா? எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். காரைக்காலில் ஆபீசுக்கா பஞ்சம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் எல்லோரும் கரையில் சும்மா கிடந்த நேரம், சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. பெண்களுக்கு ஊர்க் கூட்டத்தில் இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம். ஆபீசிலிருந்து மதியழகன் என்ற பொறியாளர் வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல சட்டை. குடிதண்ணீர் இணைப்புக்கு ஒரு கட்டணம், கழிவுநீர் இணைப்புக்கு ஒரு கட்டணம், மீட்டருக்குத் தனி, ரோடு வெட்டத் தனி என்று வாசித்தார்.

"ரோடு எங்க சார் இருக்கு, வெட்டுறதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூடமே சிரித்தது.

எங்கள் ஊர்த் தலைவர் சிங்காரவேலு எழுந்தார். இரண்டு விசைப்படகுக்காரர். தொண்டையைச் செருமினாலே ஊர் அடங்கும்.

"சார், இது சுனாமி வீடு. கட்டிக் குடுத்தது கவர்மெண்ட்டு. தொட்டிய வச்சதும் கவர்மெண்ட்டு. அது பொங்கி வழியுறது மட்டும் எங்களுதா? எதுக்குக் கட்டணம்?"

"பெரியவரே, மெயின் லைன் முழுக்க இலவசம். உங்க வீட்டுலேர்ந்து மெயினுக்கு வர்ற பைப்புக்குத்தான் கேக்குறோம். காரைக்கால்ல, தலத்தெருவுல எல்லாரும் கட்டுறாங்க."

"தலத்தெருவுல மாசச் சம்பளக்காரன் இருக்கான். நாங்க தடைக்கால நிவாரணம் எப்ப ஏறும்னு பேங்க் வாசல்ல நிக்கிறோம். ரெண்டும் ஒண்ணா?"

"கட்டலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றான் இன்னொருவன்.

"இணைப்பு கிடையாது."

"அப்ப நாங்க எங்க போறது?"

"இப்ப எங்க போறீங்களோ அங்கதான்," என்று மதியழகன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த கால் மணி நேரம் என்ன நடந்தது என்று எழுதினால் காகிதம் கருகும். நாற்காலி ஒன்று உடைந்தது. சிங்காரவேலு கையைத் தூக்கித்தான் எல்லோரையும் உட்காரவைத்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்கு வீடு வசூலுக்கு அலையாமல், ஊரே மொத்தமாக ஒரே தவணையில் கட்டிவிட்டால் ரோடு வெட்டும் கட்டணத்தை ஆபீஸ் விட்டுக்கொடுக்கும். பேசி ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்கு ஒரே பெருமிதம்.

அப்போதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை கேட்டாள்.

"சார், நான் இன்னைக்கே கட்டுறேன். மடியிலயே வச்சிருக்கேன். என் வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

மதியழகன் பதில் சொல்ல வாயெடுத்தார். சிங்காரவேலு முந்திக்கொண்டார்.

"நீ போம்மா கனகு. ஒன்கிட்ட யாரு கேட்டா? ஊரு பாத்துக்கும்."

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் கணக்கெல்லாம் தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கு வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு, கரை ஏலத்தில் ஊருக்கு வரும் பணத்தில் பங்கு தலைக்கட்டுக்கு இவ்வளவு. ஆண் செத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அவன் பெண்டாட்டி வரி கட்ட வேண்டாம். பங்கும் கிடையாது. இதை எங்கள் ஊரில் இரக்கம் என்று சொல்வார்கள்.

இணைப்புக் கட்டணத்தையும் அதே மாதிரிதான் வசூலித்தார்கள். அத்தை பணத்தை எடுத்துக்கொண்டு சிங்காரவேலு வீட்டுப் படியேறியபோது நானும் போயிருந்தேன். அவர் கையையே நீட்டவில்லை.

"தாலி அறுத்தவகிட்ட வரி வாங்குன ஊருன்னு நாளைக்கு எவனும் நம்மள ஒரு சொல்லு சொல்லக் கூடாது. பத்திரமா வச்சுக்க. ஒனக்கு மருந்து மாத்திரைக்கு ஆவும்."

பக்கத்திலிருந்த பஞ்சாயத்தார் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நான் கேட்டதுதான் உண்டு, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வசூலித்த தலைக்கட்டுப் பட்டியலையே வீட்டுக் கதவு எண் போட்டு ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விதவைக்கு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குள் ஒரு கக்கூஸ் இருக்கிறது, அவளும் தினமும் போவாள் என்பது எங்கள் பஞ்சாயத்தார் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. ஆவணியில் பள்ளம் தோண்டினார்கள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் குழாயை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் அத்தை வீட்டைத் தாண்டிப் போனார்கள். அவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பட்டியல்ல இல்லம்மா" என்றார்கள். இன்னொரு விதவையான தையல்நாயகியின் வீட்டையும் தாண்டினார்கள். புருஷன் இல்லாத வீடு எதுவோ அதையெல்லாம் தாண்டினார்கள்.

ஆபீசுக்கு அத்தையை நான்தான் ஏற்றிப்போனேன். மதியழகன் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க ஊரு குடுத்த பட்டியல்மா. அதுல உங்க கதவு நம்பர் இல்ல."

"வீடு இருக்கே சார்."

"வீடு இருக்கு. பட்டியல்ல இல்ல. ஊர்த் திட்டத்துல எடுத்த தெரு இது, தனியா பணம் வாங்க எனக்கு அதிகாரம் இல்ல. உங்க பஞ்சாயத்தார் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா அடுத்த நாளே சேத்துடுறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சிங்காரவேலு, "எழுதிக் குடுத்தா ஒன்னத் தலைக்கட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா" என்றார். "இன்னைக்குப் பைப்பு கேப்ப. நாளைக்கு ஏலத்துல பங்கு கேப்ப. அப்பறம் கூட்டத்துல வந்து ஒக்காரணும்ப. ஒனக்கொரு நாயம்னா மத்தவளுவளும் வருவாளுவ." இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் அத்தை பழையபடி தன் தொட்டியோடு மாரடித்துக்கொண்டு கிடந்திருப்பாள். ஆனால் அவள் வீடு குடியிருப்பின் பள்ளமான கோடியில் இருக்கிறது. எல்லார் வீட்டுக் குழாயும் சேர்ந்து கடைசியாக வந்து விழும் பெரிய தொட்டி, இரும்பு மூடி போட்டது, அவள் வாசலுக்கு நேரே. இணைப்பு இல்லாத வீட்டின் முன்னால் ஊரின் மொத்த இணைப்பும்.

குழாயில் மலஜலம் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்று ஆபீஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். எங்கள் ஜனங்கள் கேட்பார்களா? மீன் செதிள், குடல், இறால் ஓடு, எல்லாவற்றையும் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். வாசலில் கிடந்தால்தானே நாய் இழுக்கும், உள்ளே போய்விட்டால் நம் கண்ணுக்குத் தெரியாதே! மழைக்காலம் முடிவதற்குள் கடைசித் தொட்டி அடைத்துக்கொண்டது. மூடியைத் தூக்கிக்கொண்டு ஊரின் பீ வெளியே வந்து அத்தை வாசலில் நின்றது. செதிள் மினுங்கிக்கொண்டு, புழு நெளிந்துகொண்டு, தை வெயிலில் நுரைத்துக்கொண்டு. கருவாடு காயும் வலைக்கு அடியில் அது தேங்கியது. அவள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு மணலை அள்ளி அள்ளிப் போட்டாள். மறுநாள் மணலோடு சேர்ந்து பொங்கியது.

புகார் சொல்லப் போன் பண்ணினோம். "இணைப்பு எண் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். இல்லை என்றோம். எண் இல்லாமல் புகாரைப் பதிய முடியாதாம். சரியென்று என் வீட்டு எண்ணைக் கொடுத்தேன். ஆட்கள் வந்தார்கள், என் வீட்டு மூடியைத் திறந்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கோடி வீட்டைக் காட்டினேன். "அது வேற புகாருங்க" என்றார்கள். மேட்டில் இருக்கிற சிங்காரவேலு வீட்டில் தண்ணீர் ஊற்றினால் சொய்யென்று போய்விடுகிறது. அவருக்கென்ன. ஒரு பை பிளீச்சிங் பவுடர் அனுப்பிவைத்தார்.

சுரக்குடிக்குப் போன அன்றைக்கு வடிவாம்பாள் அம்மா வாசலிலேயே நின்றது. எப்போதும் கூடைக்குள் கைவிட்டு அளையும் அம்மாள், முந்தானையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டது.

"கனகாம்பாள், தப்பா எடுத்துக்காத. நீ காயப்போடுற எடத்துல சாக்கடை ஓடுதுன்னு எங்க வீட்டு ஆளு பாத்துட்டு வந்து சொன்னாங்க. புள்ளைங்க திங்கிற வீடு."

அத்தை மறுத்துப் பேசவில்லை. இல்லை என்று சத்தியம் செய்திருக்கலாம், அவளுக்குச் சாமர்த்தியம் இல்லாமலில்லை. "நாயந்தாம்மா" என்றாள். திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கூடையோடு அத்தனை கருவாட்டையும் வாய்க்காலில் கொட்டினாள். "நானே திங்க மாட்டேன்டா மணி. அத எப்புடி இன்னொருத்தன் வாயில வைக்கிறது?" என்றாள். நல்ல வாளைக் கருவாடு. அவள் பிழைப்பு அன்றோடு நின்றது.

ஒரு வாரம் சும்மா கிடந்தவள், திடீரென்று ஒரு காலையில் ஏலத்துக்குப் போய்க் கூடை நிறைய நெத்திலி எடுத்தாள். எங்கே காயப்போடுவாள் என்று எனக்குப் புரியவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு சிமெண்ட் தளம் உண்டு. பஞ்சாயத்தார் உட்கார்ந்து நியாயம் பேசும் இடம், பெண்கள் செருப்போடு கடக்கக்கூட மாட்டார்கள். வலையை அங்கே விரித்து, நெத்திலியைப் பரப்பிவிட்டுப் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்துகொண்டாள்.

சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னடி இது? கோயிலு முன்னால கருவாடு காயப்போடுறதா? தீட்டு!"

"அம்மனுக்குக் கருவாட்டு நாத்தம் புதுசா அண்ணே? ஆடியில கூழோட கருவாட்டுக் கொழம்பு படைக்கிறீங்கள்ல, அது என்ன பாற்கடல்லயா காஞ்சுது? என் வாசல்ல ஒங்க எல்லாரோட பீயும் கெடக்குது. அது ஒங்க எடமாயிட்டு. அதான் ஒங்க எடத்துக்கு நான் வந்துட்டேன்."

"எடுக்குறியா இல்லியா?"

"என் பணத்த வாங்கிக்கிட்டு எழுதிக் குடுங்க. எடுத்துக்குறேன்."

சாயங்காலம் ஊர் கூடியது. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியதற்கு அபராதம் போட வேண்டும் என்று முடிவானது. தலைவருக்கு அடங்காத படகுக்காரனுக்குப் போடும் அதே அபராதம். வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தார்கள். அவள் மடியை அவிழ்த்து அங்கேயே கொடுத்துவிட்டாள். சிங்காரவேலுவும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் அவள் கேட்டாள்.

"ஏண்ணே, தாலி அறுத்தவகிட்ட வரி வாங்குனா பாவம், அபராதம் வாங்குனா மட்டும் புண்ணியமா?"

சிங்காரவேலு கையிலிருந்த ரூபாயைப் பார்த்தார், அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, மடியில் செருகவும் முடியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததற்கு எனக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

மறுநாள் விடிந்தபோது தளத்தில் நாலைந்து வலை விரிந்திருந்தது. தையல்நாயகி சென்னாக்குன்னி போட்டிருந்தாள். மற்ற விதவைகளும் ஆளுக்கொரு மூலை பிடித்திருந்தார்கள். "எங்களுக்கும் அபராதம் போடுங்க" என்று தையல்நாயகி சொன்னபோது, முப்பது வருஷமாகச் சத்தமாகப் பேசி நான் கேட்டிராத அந்தப் பெண்ணின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. மாசித் திருவிழாவுக்குப் பந்தக்கால் நட வேண்டிய தளம் அது. கருவாட்டை மிதித்துக்கொண்டு எந்தக் கால் நடுவது?

அதற்குப் பிறகு பஞ்சாயத்தார் கூடிக்கூடிப் பேசி ஒரு தீர்ப்பு சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை நினைத்தால் பொங்கி வழிந்த தொட்டியே தேவலை. விதவைகளிடம் சாக்கடைக்கும் தண்ணீருக்கும் உள்ள பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு எழுதிக்கொடுக்கலாம். கோயில் வரி வாங்கக் கூடாது. ஏலப் பங்கு கிடையாது. கூட்டத்தில் இடம் கிடையாது. தலைக்கட்டில் பெயர் ஏறாது. இதைப் படித்துச் சொல்லிவிட்டு, பெருந்தன்மையோடு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார் சிங்காரவேலு. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

மதியழகன் சொன்ன சொல் தவறவில்லை. கடிதம் போன மறுநாளே பதிந்தார். அத்தைக்கு இணைப்பு எண் வந்தது, அந்த எண்ணைச் சொல்லி முதல் புகாரைப் போட்டாள், உறிஞ்சும் லாரி வந்து வாசலைக் காலி பண்ணிக் கழுவிவிட்டது. அதற்கடுத்த நாள் குழாய்க்காரர்கள் அவள் வீட்டுக் குழாயைப் பெரிய தொட்டியோடு இணைத்தார்கள். சரியாகப் போகிறதா என்று பார்க்க மூடியைத் திறந்துவைத்து, உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பஞ்சாயத்தார் சார்பில் சிங்காரவேலுவும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அத்தை உள்ளே போய் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். தொட்டிக்குள் அவள் வீட்டுக் குழாயின் வாய் இரண்டு முறை களகளவென்று கக்கியது. மற்ற குழாய்களிலிருந்து வந்ததோடு அது கலந்து ஓடுவதைக் குனிந்து நின்று பார்த்தாள்.

"திருப்தியாம்மா கனகு?" என்றார் சிங்காரவேலு.

"ரொம்பத் திருப்திண்ணே," என்றாள் அத்தை. "வாக்கப்பட்டு வந்து இத்தினி வருசத்துல, நான்தான் ஒங்க ஊருல சேரல. என் பீயாவது சேந்துச்சே."